மழை நாட்டின் உஷ்ணம்

குளிர் தேசத்தார் தம் வீடுகளைச் சூடாக்குவதற்கென்று கைக்கொண்ட ஒரு யந்திரத்தைப் பற்றி, ஆண்டு முழுவதும் வியர்த்துக்கொண்டிருக்கும் இரத்தினபுரி வாசிகளுக்கு எடுத்துரைப்பதால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி இந்த அத்தியாயத்தின் தலைவாயிலிலேயே எழக்கூடும். நோர்வே நாட்டில் இன்று பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெப்பப்பம்பி என்னும் இந்த யந்திரத்தைக் கொண்டே பனிக்காலத்தைக் கடக்கின்றன. அங்கே குடியேறிய ஈழத்தமிழரும் அதனோடு வாழப் பழகிவிட்டனர். சப்ரகமுவத் தோட்டங்களிலோ வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. இருந்தும், இந்த யந்திரம் தன் முழுத் திறமையையும் காட்டத்தக்க இடம், களு கங்கையும் களனி கங்கையும் பாய்ந்து ஈரம் காயாத இந்த மலைச்சரிவுகளே என்பதும், அதன் பயன் முதலில் சென்று சேரவேண்டிய இடம் இங்குள்ள தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களே என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்குப் பௌதிக சாஸ்திரத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

தோட்டமொன்றில் நடைபெறும் வேலைகளை உற்று நோக்கினால், அவற்றுள் ஒரு பெரும்பகுதி, ஏதேனும் ஒன்றிலிருந்து நீரை வெளியேற்றும் வேலையாகவே இருக்கக் காணலாம். கொய்து வந்த கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு அதிகமானது நீர். அதுவே தூளாகி, தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரிலிருந்து வெளியேறும்போது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே நீர் எஞ்சியிருக்க வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து செலவாவதன் காரணம் இதுவே. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு உள்ள இந்தக் கடமை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, றுவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களுக்கும் உண்டு: வெட்டிச் சேர்த்த பாலை உறையவைத்து, அழுத்தித் தாளாக்கிய பின்னர், அதனுள் எஞ்சிய நீரை நாட்கணக்கில் வெப்பத்தில் நிறுத்தியே போக்கியாக வேண்டும். இவை அனைத்துக்கும் விறகு எரிகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ வரையில் விறகு செலவாவது வழக்கம். மீள்நடுகைக்காக வெட்டி வீழ்த்தப்படும் முதிய இறப்பர் மரங்களே அவ்விறகில் கணிசமான பங்கு. விறகின் தேவை எவ்வளவு பெரிது என்பதற்கு, 2005ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தமையும் ஒரு சான்று.

ஸ்டோருக்கு விறகு லொறியில் வருகிறது. லயத்துக்கோ பெண்களின் தலையில் வருகிறது. பொழுதெல்லாம் மலையேறிக் கொழுந்தெடுத்தவள், நிறுவை முடிந்து திரும்பும் வழியில், கவ்வாத்து மலையில் வெட்டிக் கிடக்கும் மிலாறுக் குச்சிகளையும் இறப்பர் காட்டின் உலர்ந்த கிளைகளையும் சேர்த்துக் கட்டிச் சுமந்து வந்தால்தான் மாலையில் அடுப்பு எரியும். சமையலுக்கு மாத்திரம் அன்று, பிரசவித்தவளின் குளிப்புக்கும், சிசுவின் குளிப்புக்கும், காய்ச்சல்காரரின் உடலைத் துடைப்பதற்கும், மார்கழி தை விடியலில் பீலித் தண்ணீரின் குளிரைத் தாங்கமாட்டாத முதியவருக்கும் வெந்நீர் வைக்க அந்த அடுப்பே கதி. வீடுகளில் எழும் புகையினால் நேரும் மரணங்கள், 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலும் அதன் ஒட்டுத் தாழ்வாரத்திலும் அடுப்பு வைத்து வாழும் குடும்பத்துக்கு அந்த எண்ணின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இனி யந்திரத்தின் தத்துவத்தைப் பார்ப்போம். நெருப்பிலும் சூரியனிலும் மட்டுமே உஷ்ணம் இருப்பதாக எண்ணுவது நம் புலன்களின் பழக்கமேயன்றிச் சாஸ்திரத்தின் முடிவு அன்று. பூச்சியத்துக்குக் கீழே 273 பாகை செல்சியஸ் என்னும் அந்தக் கடைசி எல்லைக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு பொருளிலும், அதன் அணுக்களின் அசைவாக உஷ்ணம் குடிகொண்டிருக்கிறது. ஆகவே 27 பாகையில் நம்மைச் சூழ்ந்து நிற்கும் இரத்தினபுரிக் காற்றில் உஷ்ணத்துக்குக் குறைவே இல்லை. அதைக்கொண்டு ஒரு குடம் தண்ணீரை 50 பாகைக்குச் சுடவைக்க முடியாமற் போவதற்குக் காரணம், அது தாழ்ந்த மட்டத்தில் இருப்பதே. பள்ளத்து நீர் தானாக மேட்டுக்கு ஏறாது, துலா மிதித்தால் ஏறும். மிதிப்பவன் நீரை உண்டாக்குவதில்லை, இருக்கிற நீரை உயர்த்துகிறான். வெப்பப்பம்பி செய்வதும் அதுவே.

குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்த யந்திரம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னாலும் தவறாகாது. பெட்டியின் பின்புறம் கை வைத்தால் தெரியும் சூடு, உள்ளே இருந்த பண்டங்களிலிருந்து இறைக்கப்பட்ட சூடே. மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையிலேயே கொதித்துவிடும் இயல்புள்ள ஒரு திரவம் மூடிய குழாயினுள் சுற்றி வருகிறது. ஆவியாக்கி என்னும் சுருளில் அது சுற்றுப்புறக் காற்றின் உஷ்ணத்தை உண்டு வாயுவாகிறது. மின்சாரத்தால் இயங்கும் அமுக்கி அந்த வாயுவை நெருக்கி அதன் உஷ்ணநிலையை உயர்த்துகிறது. ஒடுக்கி என்னும் மற்றொரு சுருளில் அது தன் உஷ்ணத்தைத் தண்ணீருக்கு ஈந்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. பின்னர் ஒடுங்கிய வால்வு ஒன்றினூடே அழுத்தம் தளர்ந்து, குளிர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. மின்சாரத்தின் வேலை உஷ்ணத்தைச் செய்வது அன்று, ஏற்றுவது. அதனால்தான் ஓர் அலகு மின்சாரம் செலவிட்ட இடத்தில் மூன்று, நான்கு அலகு உஷ்ணம் தண்ணீரில் வந்து சேர்கிறது. மிகுதி காற்றின் கொடை.

இந்தப் பெருக்கத்துக்கு எல்லை எது என்பதை, யந்திரம் பிறப்பதற்கு முன்னமே மனித சிந்தனை கண்டுகொண்டது. பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டில், உயர்ந்த உஷ்ணநிலையிலிருந்து தாழ்ந்த உஷ்ணநிலைக்கு வெப்பம் இறங்கும்போது பெறக்கூடிய வேலைக்கு இயற்கை ஒரு வரம்பு விதித்திருக்கிறது என்று நிறுவினார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், அதே வாதத்தைப் பின்னோக்கி நடத்தி, விறகையோ கரியையோ நேரே எரிப்பதைவிட, அதனால் ஓடும் யந்திரமொன்றைக் கொண்டு வெளிக்காற்றின் உஷ்ணத்தை உள்ளே இறைப்பது சிக்கனமாகும் என்று 1852இல் எடுத்துரைத்தார். வரம்பைக் கணக்கிடுவது எளிது. வேண்டிய உஷ்ணநிலையை முன் சொன்ன அந்தக் கடைசி எல்லையிலிருந்து அளந்து, அதை ஏற்றவேண்டிய உயரத்தால் வகுத்தால் போதும். 55 பாகை வெந்நீர் என்பது அவ்வளவையில் 328. ஒஸ்லோ நகரில் பூச்சியத்துக்கு 5 பாகை கீழே நிற்கும் காற்றிலிருந்து ஏற்றவேண்டிய உயரம் 60. வரம்பு ஐந்தரை மடங்கு. இரத்தினபுரியில் 27 பாகைக் காற்றிலிருந்து ஏற்றவேண்டிய உயரம் 28 மட்டுமே. வரம்பு பதினொன்றரை மடங்குக்கும் மேல். மெய்யான யந்திரங்கள் இந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையே எட்டும் என்பது உண்மையாயினும், ஒரே யந்திரம் ஒஸ்லோவில் இரண்டு மடங்கு சம்பாதிக்கும் வேளையில் இங்கே நான்கு மடங்கு சம்பாதிக்கும் என்னும் தாரதம்மியம் மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும் நம் உஷ்ணநிலை, குளிர் தேசத்து யந்திர நிபுணர் கனவில் மட்டும் காணக்கூடிய சௌகரியம்.

ஆனால் இதைவிடப் பெரிய செல்வம் ஒன்று இந்தக் காற்றில் இருக்கிறது, அது ஈரம். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. துவைத்த சேலை இரண்டு நாளாகியும் கொடியில் காயாமல் முடைநாற்றம் கொள்வதும், சுவரில் பூஞ்சணம் பூப்பதும் இங்குள்ளோர் அனைவரும் சலிப்போடு சகித்து வரும் சங்கதிகள். 27 பாகையில், சாரீரப்பதன் நூற்றுக்கு எண்பதுக்குச் சற்று மேலாக இருக்கும் ஒரு நாளில், ஒவ்வொரு கன மீற்றர் காற்றிலும் ஏறத்தாழ 21 கிராம் நீர் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாய்க் கலந்திருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடியாய் எட்டடி உயரமுள்ள ஒரு லயத்துக் காம்பராவின் காற்றை எடுத்துக்கொண்டால், அதில் அரை லீற்றருக்கு மேற்பட்ட நீர் மறைந்திருக்கும். ஒரு கிலோ நீர் ஆவியாவதற்கு உண்ட மறைவெப்பம் சுமார் 24 இலட்சம் யூல். அது திரும்பவும் துளியாகும்போது அந்தக் கடனை ஒரு சிறிதும் குறையாமல் திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும். காம்பரா நிறைந்த அந்த ஆவி முழுவதும் துளியானால் கிடைக்கும் உஷ்ணம், ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணீரை 26 பாகையிலிருந்து 50 பாகைக்கு உயர்த்தப் போதுமானது. யந்திரம் அதில் ஒரு பகுதியையே பறிக்க வல்லது எனினும், வாசலுக்கு வெளியே அதே காற்று வற்றாமல் காத்திருக்கிறது.

ஒஸ்லோவில் ஆவியாக்கியின் மேல் ஈரம் உறைபனியாய்ப் படிந்து காற்றின் வழியை அடைத்துவிடுவதால், யந்திரம் அடிக்கடி தன் வேலையை நிறுத்தி, தான் சேர்த்த உஷ்ணத்தையே செலவிட்டு அந்தப் பனியை உருக்க வேண்டியிருக்கிறது. இங்கே அத்தகைய தொல்லை இல்லை. சுருள் பூச்சியத்துக்கு மேலேயே நிற்பதால், படியும் ஈரம் தன் உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டு நீராய் ஒழுகிப் போகிறது. நமக்குச் சலிப்பாய் இருந்த ஈரமே யந்திரத்துக்கு ஆகாரமாகிறது.

சரித்திரத்தில் ஒரு செய்தி இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. கெல்வின் எண்ணியது கட்டடங்களைச் சூடாக்கவே ஆயினும், அத்தத்துவத்தில் இயங்கிய முதல் யந்திரம் எவர் வீட்டிலும் நிறுவப்படவில்லை. ஆஸ்திரியாவின் ஏபன்சே உப்பாலையில், பீட்டர் ரிட்டிங்கர் என்பவர் 1850களின் நடுப்பகுதியில் அதை அமைத்தார். உப்புநீரைக் காய்ச்சும்போது வீணே எழுந்து போகும் நீராவியை அவர் நீரோடையின் சக்தியால் நெருக்கி, அதன் மறைவெப்பத்தை மறுபடியும் உப்புநீருக்கே ஊட்டினார். நகர மண்டபமொன்றைச் சூடாக்க லிம்மட் ஆற்று நீரிலிருந்து உஷ்ணத்தை இறைக்கும் யந்திரம் சூரிச் நகரில் அமைந்தது 1938இல்தான். ஆக, நீரைப் பிரித்தெடுக்கும் தொழிலுக்கே இந்த யந்திரம் முதலில் பிறந்தது. அந்த வகையில் அது ஐரோப்பியரின் வரவேற்பறையைவிட நமது ஸ்டோருக்கே நெருங்கிய உறவு.

மழைக்காலத்து ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். வாட்டும் தொட்டிகளில் பரப்பிய கொழுந்தின் அடியிலிருந்து விசிறி காற்றை ஊதுகிறது. காற்று உலர்ந்திருந்தால் கொழுந்து இரவோடிரவாக வாடும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட, எவ்வளவு ஊதினாலும் கொழுந்து வாடாது. அப்போது உலையின் வெப்பக்காற்றைக் கலந்து ஊதுவதே பழைய உபாயம். அதில் விறகின் உஷ்ணம் முழுவதும், கொழுந்திலிருந்து பறித்த ஆவியோடு, ஜன்னல் வழியே வெளியேறிவிடுகிறது. வெப்பப்பம்பியோ அந்தக் காற்றைத் தன் குளிர்ச் சுருளின் மேல் நடத்தி, ஆவியைத் துளியாக்கி, அது திருப்பிக் கொடுத்த உஷ்ணத்தை வெப்பச் சுருளின் வழியே அதே காற்றுக்கு ஊட்டி, உலர்ந்த காற்றாய் மீண்டும் கொழுந்துக்கு அனுப்பவல்லது. வெறும் மின்சூட்டினால் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஒன்றரைக் கிலோ நீரைக்கூட ஆவியாக்க முடியாத இடத்தில், நன்கு அமைந்த யந்திரம் இரண்டு கிலோவுக்கு மேல் நீரைப் பிரிக்கும். ஆயினும் வாட்டும் மாடிகளின் காற்று அளவிறந்தது; நாற்புறமும் ஜன்னல் திறந்த பழைய கட்டடத்தில் காற்றைச் சுற்றி வரச் செய்வது சுலபமன்று. கட்டடத்தை மாற்றாமல் யந்திரத்தை மட்டும் கொண்டுவந்து வைப்போர் ஏமாற்றம் அடைவர்.

இதைக் காட்டிலும் பொருத்தமான இடம், வெளிறிய கிறேப் இறப்பர் உலர்த்தும் கோபுரம். ஐரோப்பிய வீடுகளைப் போலவே, உலையில் காய்ந்த வெந்நீர் குழாய்களில் ஓடிச் சூடாக்கும் கட்டடம் சப்ரகமுவத் தோட்டங்களில் உண்டென்றால் அது இதுவே. மாடிமேல் மாடியாய்த் தொங்கும் மெல்லிய தாள்களுக்கு 35 பாகையை அதிகம் தாண்டாத மிதமான வெப்பம் போதும்; மிஞ்சினால் தாள் இழுபட்டு நிறம் கெடும். ஏற்றவேண்டிய உயரம் சிறிதாதலால் இங்கே பெருக்கம் உச்சத்தில் நிற்கும். புகையூட்டிய தாள் இறப்பரின் கதை வேறு. பூஞ்சணத்தைத் தடுக்கும் பொருள்கள் புகையிலேயே இருப்பதால் அங்கே விறகுக்குப் பதிலி இல்லை. அவ்வாறே, வாட்டி உருட்டிய தேயிலையைக் கடைசியாக உலர்த்த 100 பாகையை ஒட்டிய வெப்பக்காற்று வேண்டியிருப்பதால், அந்த உலையும் இப்போதைக்கு விறகை நம்பியே இருக்கும். யந்திரத்தின் மேல் உள்ள பிரியத்தால் அதனால் ஆகாததையும் ஆகும் என்று சொல்லுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

லயத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தின் ஒரு நாளைக் குளிப்புக்கும் கழுவலுக்கும் 100 லீற்றர் நீரை 26 பாகையிலிருந்து 50 பாகைக்கு உயர்த்துவதாக வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டிய உஷ்ணம் ஏறத்தாழ 2.8 அலகு. எரியும் விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கே பாத்திரத்துக்குச் சேரும் திறந்த அடுப்பில் இதற்கு நாலரைக் கிலோ விறகு வேண்டும். வெப்பப்பம்பிக்கு முக்கால் அலகு மின்சாரம் போதும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. குழாயில் பொருத்தியவுடன் வெந்நீர் தரும் உடனடிச் சூடாக்கிகள் 3,500 வாட்டும் அதற்கு மேலும் இழுப்பவை. 230 வோல்ட்டில் அது 15 அம்பியர். பழைய லயங்களின் மெல்லிய கம்பிகளில் அத்தகைய பாரத்தை ஏற்றுவது நெருப்பை அழைப்பதற்குச் சமம். சிறிய வெப்பப்பம்பி ஒன்று 600 வாட் அளவில், 3 அம்பியருக்குக் குறைவாக இழுத்து, சில மணி நேரம் நிதானமாய் ஓடித் தொட்டியை நிரப்பிவிடும். அவசரம் இல்லாத யந்திரம் ஏழை வீட்டுக் கம்பிக்கு உகந்த யந்திரம்.

அதனோடு வாழ்வது எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவிட்சைத் தட்டியதும் வெந்நீர் எதிர்பார்ப்பவருக்கு அது பொறுமையைக் கற்பிக்கும்; தொட்டி தீர்ந்தால் மறுபடியும் காய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். தொட்டியின் நீரில் கிருமி வளராதிருக்க இடையிடையே 60 பாகை வரை ஏற்றிவைப்பது நல்லது. விசிறியும் அமுக்கியும் எழுப்பும் இரைச்சல் பெரிதன்று. ஆனால் முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில் பொதுச்சுவரில் அதைப் பொருத்தினால் அடுத்த காம்பராக் குழந்தையின் உறக்கம் கெடும். ஆகவே அது தனி மேடையில் நிற்கட்டும். சுருளின் தகடுகளில் தூசியும் சிலந்தியும் சேர்ந்தால் பெருக்கம் குன்றும். மாதமொருமுறை மென்மையான தூரிகையால் துடைத்தல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இந்த மலைகளில் இறங்கும் இடிமின்னல் மின்னணுப் பலகைகளுக்கு எமன். நல்ல நிலத்தொடுப்பும் மின்னெழுச்சித் தடுப்பும் இன்றி யந்திரத்தைப் பொருத்துவது பணத்தை மழையில் விடுவதாகும். மறுபுறத்தில், யந்திரம் வெளிவிடும் காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும்; அதை ஒரு சிறு அறைக்குள் திருப்பிவிட்டால், ஆனி ஆடி மழையிலும் குழந்தைகளின் துணி காயும். வெந்நீருக்காகச் செலவிட்ட மின்சாரமே இந்த இரண்டாவது உபகாரத்தையும் செய்துவிடுகிறது.

குழாயினுள் சுற்றும் திரவத்தைப் பற்றியும் அலட்சியம் கூடாது. ஓசோன் படலத்தை அரித்த பழைய வாயுக்களை 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை ஒதுக்கியது. அவற்றின் இடத்துக்கு வந்த வாயுக்கள் பூமியை வெப்பமாக்குவதில் கரியமிலவாயுவைவிட நூறு மடங்கும் ஆயிரம் மடங்கும் வலியன என்று கண்டு, அவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் உலகம் ஒப்புக்கொண்டது. இன்று புரொப்பேன் வாயுவையே உபயோகிக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. 2021ஆம் ஆண்டின் கடைசியில் சமையல் எரிவாயு உருளைகள் வெடித்த செய்திகளைக் கேட்டு அஞ்சியவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் தயங்குவது இயல்பே. ஆனால் சிறிய வீட்டு யந்திரத்தில் அடைபட்டிருப்பது உருளையைப் போல் கிலோக்கணக்கில் அன்று, கிராம் கணக்கில். அதுவும் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில்.

மின்சாரமே நிலையில்லாதபோது மின்யந்திரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின்வெட்டை அனுபவித்த நாட்டில் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் நன்கு போர்த்திய தொட்டி அரை நாளுக்கு மேல் சூட்டைக் காக்கும்; மின்சாரம் உள்ள வேளையில் காய்ந்த நீர் இல்லாத வேளைக்கு உதவும். நிலக்கரி எரித்துச் செய்த மின்சாரத்தில், கரியின் உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்கே கம்பிக்கு வருகிறது. அந்த மின்சாரத்தைச் சூடாக்கியின் கம்பியில் எரித்தால் மூன்றில் இரண்டு பங்கு நஷ்டம் நஷ்டமே. வெப்பப்பம்பி அந்த நஷ்டத்தைக் காற்றிலிருந்து ஈடுசெய்துவிடுகிறது. சப்ரகமுவவிலோ மழையே மின்சாரமாகவும் ஆகிறது. பலாங்கொடைக்கு அப்பால் வளவை கங்கையை மறித்து 1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவௌ நிலையம் மட்டும் 120 மெகாவாட் திறனுடையது. இந்த மலைகளின் சிற்றாறுகளில் கிராமத்தவர் தாமே அமைத்துக்கொண்ட சிறு நீர்மின் நிலையங்களும் பல.

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே இந்த யந்திரத்தை வாங்க வேண்டுமென்று சொல்வது, நாட்கூலியில் வாழ்பவரைப் பரிகசிப்பதாகும். பொது இடத்தில் ஒன்று அமைய வேண்டும். அதுவும் எங்கே என்று கேட்டால், பங்களாவுக்கும் காரியாலயத்துக்கும் முன்னதாகப் பிள்ளைக்காம்பராவில் என்பேன். தாய்மார் மலைக்குப் போனபின் பச்சிளங் குழந்தைகளைக் காத்து நிற்கும் அந்த அறையில், முப்பது பிள்ளைகளுக்குத் தலைக்குப் பத்து லீற்றர் வீதம் இளஞ்சூட்டு நீர் தினமும் வேண்டுமென்று கணக்கிட்டாலும், 300 லீற்றரை 25 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த ஐந்து அலகுக்குச் சற்று மேலான உஷ்ணம் வேண்டும். அடுப்பில் அது எட்டுக் கிலோவுக்குச் சற்று மேலான விறகு. வெப்பப்பம்பியில் ஏறத்தாழ ஒன்றேகால் அலகு மின்சாரம். துணி காயும் சிறு அறை ஒன்று பக்கத்தில் அமைந்தால் ஈரத்துணியோடு பிள்ளைகளைத் தூங்க வைக்க நேராது. அதற்கடுத்து தோட்ட வைத்தியசாலையின் பிரசவ அறை, அதற்கடுத்து பீலிக்கரையில் பெண்களுக்கென மறைப்புக் கட்டிய குளியலறை. யந்திரத்தைப் பொருத்துவதோடு பொறுப்பு முடிந்ததென்று எவரும் எண்ணலாகாது. தகடு துடைக்கவும், வாயு கசிந்தால் கண்டுபிடிக்கவும், பழுதான விசிறியை மாற்றவும் தோட்டத்து இளைஞர் இருவருக்கேனும் குளிர்சாதனத் தொழிலில் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கு அந்த வேலைக்கென்று சம்பளமும் கொடுக்க வேண்டும். அந்தச் செலவையும் யந்திரத்தின் விலையோடு முதல் நாளிலேயே சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.